சாவித் துவாரத்தில் சந்தனம்

ஆகஸ்ட் இருபதாம் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். ஆடி முடிந்து நான்கு நாளாகியும் ஆடிக் காற்று ஓயவில்லை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாமல் வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனையூரில் என் வீட்டுப் போர்ட்டிகோவில் நின்றிருந்த காரின் மேலுறையை நான் இழுத்தபோது, பதினான்கு மாதத் தூசு அப்படியே எழுந்து என் முகத்துக்கு வந்தது. மூன்று தும்மல் போட்டேன். பக்கத்தில் நின்ற கார் எலக்ட்ரீஷியன் பாண்டி ஒன்றுகூடப் போடவில்லை. நாற்பது வயதுக்காரர், தூசியிலேயே புழங்குகிறவர்.

“என்ன சார் கம்ப்ளைண்ட்டு?” என்று கேட்டார்.

“சாவி திரும்பல தம்பி. உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது. சந்தனம் அடைச்சிருக்கு.”

“சந்தனமா?”

“வீட்டம்மா வருசா வருசம் பூஜைக்குப் பொட்டு வைக்கிற எடம். கழட்டிப் பாருங்க, தெரியும்.”

காரை விற்றுவிடச் சொல்லி மகள் ஆறு மாதமாகப் போனில் நச்சரிக்கிறாள். சாவி திரும்பாத காரை எவன் வாங்குவான் என்பதால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பூட்டைக் கழற்றி, அதற்குள் சந்தனம் இருப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் கூப்பிட்டேன். பதினான்கு மாதமாக எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான். ஏன் என்பதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். வயதானவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு வாடை வந்தது. வெயிலில் காய்ந்த ரெக்சின், பழைய பெட்ரோல், அவற்றுக்கு அடியில் மெலிதாக எலுமிச்சம்பழம். ரெக்சினும் பெட்ரோலும் சேர்ந்த வாடை எனக்கு ஐம்பது வருடப் பழக்கம். இருபத்திரண்டு வயதில் விளாங்குடிப் பக்கம் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட்டில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். முப்பத்தாறு வருடம். நட்டு, போல்ட்டு, வாஷர், பெல்ட்டு எல்லாம் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பதுதான் வேலை. மெக்கானிக்கிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் நான் ‘கணக்குப்புள்ள’.

அந்தக் காலத்துப் பஸ்களுக்குச் சாவியே கிடையாது. ஒரு குமிழை இழுத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் பட்டனை அழுத்தினால் எஞ்சின் உறுமும். இன்று என் மகள் வைத்திருக்கும் காரிலும் பட்டன்தான். அதை அவள் பெருமையாகக் காட்டியபோது, இதை நான் அப்பவே பார்த்தாச்சு என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஷெட்டில் சாவி போட்டுத் திருப்புகிற வண்டி ஒன்றே ஒன்றுதான், முதலாளியின் கார். அதன் டிரைவர் ராசு அண்ணன் ஒருநாள் டீ குடிக்கப் போயிருந்தபோது ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பார்த்தேன். எஞ்சின் சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்திருக்கிறது. பஸ் சத்தத்திலேயே ஊறிய காதுக்கு அது கேட்கவில்லை. எடுக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் திருப்பினேன். இரும்புப் பல்லை இரும்புப் பல் கடிக்கிற அலறல் ஒன்று எழுந்தது பாருங்கள், ஷெட்டில் இருந்த பத்தொன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ராசு அண்ணன் டீ கிளாசோடு ஓடிவந்தார்.

“என்ன கணக்குப்புள்ள, ஓடிக்கிட்டு இருக்குற எஞ்சினுக்கு எதுக்குய்யா மறுபடி செல்ஃப் அடிக்கிறீரு?”

“ஓடுறது தெரியலண்ணே.”

“உமக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“இல்லண்ணே.”

“ஆகட்டும். பொண்டாட்டியையும் இப்படித்தான் போட்டு அறுக்கப் போறீரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தச் சாவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து கார் பூட்டுகளை வாங்கி வந்து, பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். சொல்லவா?

சாவித் துவாரத்துக்குப் பின்னால் விரல் நீளத்தில் ஓர் உருளை இருக்கிறது. அந்த உருளைக்குள் வரிசையாகப் பித்தளைத் தகடுகள், என் காரில் எட்டு. ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ஸ்பிரிங் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அப்படித் துருத்திக்கொண்டிருக்கும் தகடுகள்தான் உருளையைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்கின்றன. சரியான சாவி உள்ளே போனால், அதன் மேடுபள்ளத்துக்கு ஏற்ப எட்டுத் தகடும் ஒரே மட்டத்துக்கு உள்ளே இறங்கும். அப்போதுதான் உருளை திரும்பும். ஏழு இறங்கி ஒன்று மயிரிழை துருத்தினாலும் திரும்பாது. உருளையின் வால் பக்கம் ஒரு சுவிட்ச். முதல் கட்டத்தில் ஸ்டீயரிங் பூட்டு விடுபட்டு ரேடியோவுக்கு மின்சாரம் போகும். இரண்டாம் கட்டத்தில் முன்பலகை விளக்கெல்லாம் எரியும். மூன்றாம் கட்டத்தில் செல்ஃப் மோட்டார் சுழன்று எஞ்சினைக் கிளப்பும். கையை விட்டதும் ஒரு ஸ்பிரிங் சாவியைத் தானாக இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். அவ்வளவுதான். மனிதர் கண்டுபிடித்ததில் இவ்வளவு நாணயமான பொருள் வேறு இல்லை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியதுதான் இந்தக் கார். வாங்கிய வருடம் முதல் ஆயுத பூஜைக்கு, காரைக் கழுவி நிறுத்திவிட்டு நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் மனைவி கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் பட்டை போட்டு முடித்துவிட்டு, உள்ளே குனிந்து, குழைத்த சந்தனத்தைச் சாவித் துவாரத்தின் மேல் வட்டமாக அப்பிக்கொண்டிருக்கிறாள். அதன் நடுவில் குங்குமம்.

“அங்க ஏன்டி வைக்கிற? ஸ்டீயரிங்குல வையி. அது எட்டுத் தகடு உள்ள ஓடுற இடம்.”

“வண்டிக்கு வாய் அங்கதானங்க இருக்கு? சாவியத் தின்னுதானே ஓடுது.”

பல் குத்தும் குச்சியும் கைக்குட்டையுமாக உட்கார்ந்து சுரண்டி எடுத்தேன். அடுத்த வருடமும் அதே இடம். அதற்கடுத்த வருடம், ‘இங்கே சந்தனம் வைக்கக் கூடாது’ என்று ஒரு சீட்டில் எழுதித் துவாரத்தின் மேல் ஒட்டி வைத்தேன். சீட்டின் மேலேயே பொட்டு வைத்திருந்தாள். குங்குமம் ‘கூடாது’ மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மொத்தம் பதினைந்து ஆயுத பூஜை, பதினைந்து பொட்டு, பதினைந்து சண்டை. பூஜைக்குச் சக்கரத்தில் நசுக்கியது போக மிஞ்சிய எலுமிச்சம்பழம் ஒன்றை முன்பலகை மேல் வைப்பாள், அது காய்ந்து கறுத்து அடுத்த பூஜை வரை அங்கேயே கிடக்கும். அந்த வாடைதான் கதவைத் திறந்ததும் வந்தது.

அவளும் என்னிடம் ஒரு விஷயத்துக்குச் சண்டை பிடித்தாள், சொல்ல மறந்துவிட்டேன். என் சாவிக் கொத்து. வெளி கேட், கிரில், முன்கதவு, பின்கதவு, மாடிக் கதவு, பீரோ, மோட்டார் ரூம், தபால் பெட்டி, பேங்க் லாக்கர், விற்றுவிட்ட ஸ்கூட்டருடையது ஒன்று, எதற்கென்றே தெரியாதவை இரண்டு, ஷெட்டில் ஒப்படைக்காமல் வந்துவிட்ட ஸ்டோர் ரூம் சாவி ஒன்று. பதின்மூன்று. கார் சாவியோடு பதினான்கு. நடுவில் ஒரு பித்தளை வளையம். ஒருநாள் காய்கறி வண்டிக்காரரின் தராசில் போட்டுப் பார்த்தேன், முந்நூற்றுப் பத்து கிராம்.

“கார் சாவிய மட்டும் தனியா வச்சுக்கங்களேன். இம்புட்டும் தொங்கித் தொங்கி, வண்டி ஓடுறப்ப டிங்கு டிங்குன்னு ஆட்டம் போடுது” என்பாள்.

“பிரிச்சா எண்ணிக்கை தப்பிரும்” என்பேன்.

கோடைக்கு முன்பே சாவி முரண்டு பிடிக்க ஆரம்பித்துவிட்டது. முதல் தடவையில் திரும்பாது. இரண்டு மூன்று முறை ஆட்டினால் திரும்பும். காரணம் எனக்குத்தான் தெரியுமே. என் நோட்டில் தேதி போட்டு எழுதினேன்: ‘சாவி திரும்ப மூன்று முயற்சி. காரணம்: சந்தனம்.’ பிறகு நான்கு முயற்சி. பிறகு ஆறு. எண்ணிக்கை ஏறுவதைக் குறித்துக்கொண்டே வந்தேனே தவிர, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை. வருகிற ஆயுத பூஜைக்கு முன்னால் கழற்றிக் காட்டி அவள் வாயை அடைக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன்.

போன வருடம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணி ஐந்து நிமிடம். இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முதுகில் ஒரு மாதிரி இருக்கிறது, தாடை வரைக்கும் இழுக்கிறது என்றாள். நெற்றியெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். அவளே நடந்து வந்து முன் சீட்டில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். சாவியை விட்டேன். திரும்பவில்லை.

ஆட்டினேன். எடுத்தேன், விட்டேன். ஸ்டீயரிங்கை அசைத்துக்கொண்டே திருப்பினேன். இரண்டு வீடு தள்ளி ஒரு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது, ஆட்டோக்காரர் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். இதோ திரும்பிவிடும், அடுத்த தடவை திரும்பிவிடும் என்றே ஒவ்வொரு நிமிடமும் போயிற்று. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“வருசா வருசம் அப்புனியே சந்தனம், இப்பப் பாரு. உன் உசுரை நீயே அடைச்சு வச்சிருக்க.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு, “சரிங்க. இனிமே வைக்கல” என்றாள்.

பதினோராவது நிமிடத்தில் சாவி திரும்பியது. ஐந்தரை கிலோமீட்டர், பதினாறு நிமிடம். வழியெல்லாம் அவள் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு மேடுபள்ளத்தில் மெதுவாக ஏற்றி இறக்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு வந்தவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே திரும்பி டாக்டரைக் கூப்பிட்டார்.

பதினோரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். “அப்படி நிமிஷக் கணக்காச் சொல்ல முடியாது சார்” என்றார். நல்ல மனிதர், ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார். முப்பத்தாறு வருடம் வாஷரை எண்ணியவனுக்கு அது ஆறுதல் இல்லை.

அதனால்தான் எனக்கு அந்தச் சந்தனம் வேண்டியிருந்தது. நான் சொன்னது கொடூரம், அது எனக்குத் தெரியும். ஆனால் பொய் இல்லை என்றாவது இருக்க வேண்டுமே. அவள் கேட்டுக்கொண்டு போன கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால், கொடூரமான உண்மை என்று வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம். இதைத்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

நான் வாங்கி வைத்திருந்த புது பாட்டரியை மாட்டிவிட்டு, பாண்டி உள்ளே உட்கார்ந்தார். சாவியை விட்டுத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு சாவியை ஒரு நூல் அளவு வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, பாலில் ஆடை விலக்குவது மாதிரி மெதுவாகத் திருப்பினார். திரும்பிவிட்டது. எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு வினாடி.

“எப்படித் தம்பி?”

“தேஞ்ச சாவிய முழுசா உள்ள தள்ளக் கூடாது சார். துளி வெளிய வச்சுப் பிடிச்சா தகடு உக்காந்துரும். சாவி திரும்பாதவங்க எல்லாருமே இன்னும் உள்ளதான் போட்டுக் குத்துவாங்க.”

இது ராசு அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். நான் பிரித்துப் பார்த்த பூட்டுகளில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழிருந்த மூடியைக் கழற்றி, உருளையை உருவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். படியில் அன்றைய செய்தித்தாளை விரித்தேன். “தட்டுங்க தம்பி. உள்ளாற இருக்குறதெல்லாம் கொட்டட்டும்.” ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டில் கொட்டியது. ஒரு சிட்டிகை இருக்கும், மஞ்சளாக, நைசாகத் தூள்.

“பாத்தீங்களா. நான் சொன்னேன்ல. சந்தனம்.”

என் குரல் எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது. பந்தயத்தில் ஜெயித்தவன் குரல். பாண்டி தூளை விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்து, வெயிலில் காட்டினார். மினுமினுத்தது.

“சந்தனம் இல்ல சார் இது. பித்தளை.”

“நல்லாப் பாருங்க.”

“மோந்து பாருங்க நீங்களே.”

குனிந்து முகர்ந்தேன். ஷெட்டில் என் மேசைமேல் முப்பத்தாறு வருடம் கிடந்த வாடை. சந்தனத்தின் சாயல்கூட இல்லை.

“அம்மா பொட்டு வச்சதெல்லாம் மேலயே நின்னுருச்சு” என்று துவாரத்தைத் திருப்பிக் காட்டினார். விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு, அதில் குங்குமத்தின் சிவப்பு ஒரு புள்ளி. “இந்த ஓட்டைக்கு உள்ள தகரத்துல சின்னக் கதவு ஒண்ணு இருக்கு. சாவி போனாத் தெறக்கும், எடுத்தா மூடிக்கும். தூசு போகக் கூடாதுன்னு வைக்கிறது. இது தகடு தேஞ்ச தூளு. எட்டுல மூணு பாதியாப் போச்சு. சாவிய எங்க?”

கொடுத்தேன். கொத்தைக் கையில் வாங்கியதும் அவர் உள்ளங்கை ஒரு தரம் தாழ்ந்து எழுந்தது.

“அய்யய்ய, இம்புட்டையும் தொங்கவிட்டா ஓட்டுனீங்க? காரு ஓடுறப்ப இது ஆடிக்கிட்டே இருக்கும்ல. ஆட ஆட உள்ள தகட்டை அரம் போட்டு ராவுற கணக்கா ராவியிருக்கு. எத்தன வருசம்?”

“பதினஞ்சு.”

“யாரும் சொல்லலையா, சாவியத் தனியா வைங்கன்னு?”

“சொன்னாங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “பொட்டு வச்சதுக்கு அம்மாவைத் திட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா, உள்ள போயி ஒரு மன்னிப்பு கேட்டுருங்க சார். தப்பு உங்க பக்கம்.”

அவர்மேல் குற்றமில்லை. அவருக்கு யார் சொன்னார்கள்? வந்ததிலிருந்து நான் என் மனைவியைப் பற்றி, அவள் அடுக்களையில் இருக்கிறாள் என்பது போலத்தான் பேசியிருக்கிறேன். “கேக்குறேன் தம்பி” என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. செய்தித்தாளின் மூலை மடங்கி எழ, தூள் முழுவதும் பறந்து போய்விட்டது. பதினைந்து வருடம் ராவியது. ஒரு வினாடிகூட ஆகவில்லை.

பாண்டி கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கிவர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. அதுவரை படியிலேயே உட்கார்ந்து, கொத்திலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவற்றில் இன்றைக்குத் திறப்பதற்குப் பூட்டு உள்ளவை ஒன்பதுதான். பழைய உருளையை அவர் தூக்கிப் போடப் போனார், வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். விளிம்பில் இருந்த அந்தப் பழுப்புக் கோட்டை மட்டும் இனி பல் குத்தும் குச்சியால் தொடுவதாக இல்லை.

புதுப் பூட்டு மாட்டியதும், “போட்டுப் பாருங்க சார்” என்றார். உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன், வெண்ணெயில் கத்தி போவது போலப் போயிற்று. முதல் கட்டம். இரண்டாம் கட்டம். முன்பலகையில் விளக்குகள் எரிந்தன, சிவப்பு நான்கு, மஞ்சள் இரண்டு. அந்த இடத்தில் நான் எப்போதும் ஒரு நிமிஷம் நிறுத்துவது வழக்கம். காருக்காக இல்லை. விளக்கு எரிந்ததும் பக்கத்து சீட்டிலிருந்து ‘முருகா’ என்று ஒரு குரல் வரும், அது வந்த பிறகுதான் மூன்றாம் கட்டத்துக்குத் திருப்புவேன். பதினைந்து வருடத்தில் எத்தனை முறை காரை எடுத்திருப்போம், எத்தனை முறை அந்தக் குரல் வந்திருக்கும்? நோட்டில் எங்கும் குறித்து வைக்கவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

“என்ன சார், செல்ஃப் அடிங்க” என்றார் பாண்டி.

அடித்தேன். ஒரே முயற்சி. எஞ்சின் ஓடியது.

“ரெண்டு சாவி வரும் சார். ஒண்ணை நீங்க தனியா வச்சுக்கங்க. இன்னொண்ணை அம்மாகிட்ட குடுத்துருங்க.”

இரண்டையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். பூட்டு இரண்டாயிரத்து நூற்றைம்பது, கூலி ஐந்நூறு, ஆக மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.